டெம்பரரி பல்லைக் கழற்றினால் ஈறு காத்திருக்காது: முன்பல் இம்பிளாண்ட் ஸ்கேன் அனுபவம்

மேல்வரிசை நடுப்பல் ஒன்று போய், அந்த இடத்தில் இம்பிளாண்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு, வைத்துக்கொண்டேன். ஆபரேஷனைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வரும் கட்டத்தை: பல்லைச் சுற்றியிருக்கும் ஈறின் வடிவத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவது. கோவையில் மெஷின் பாகங்களுக்கு டிசைன் போடுவது என் தொழில். அதனால் ஸ்கேன், அலைன்மென்ட் என்ற பேச்சு காதில் விழுந்ததும் டாக்டரைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். பாவம், பொறுமையாகப் பதில் சொன்னார்.

1965இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு டைட்டானியத் திருகு வைத்த காலத்தில், எலும்பு அதைப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. இன்று பெரும்பாலானவர்களுக்குப் பிடித்துவிடுகிறது. முன்பல் என்று வந்தால் தொல்லை கொடுப்பது ஈறுதான்.

இம்பிளாண்ட் சுமார் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை வடிவத் திருகு. மேல் நடுப்பல்லோ ஈறிலிருந்து வெளியே வரும் இடத்தில் அதைவிட அகலம். குறுக்குவெட்டில் பார்த்தால் ஏறக்குறைய முக்கோணம். வட்டம் முக்கோணமாக விரிவதெல்லாம் ஈறுக்குள்ளே, சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நடந்தாக வேண்டும். அந்த விரிவு சரியாக அமைந்தால்தான் பல் ஈறிலிருந்து முளைத்தது போலத் தெரியும். இல்லையென்றால் மேலே ஒட்டவைத்தது போல இருக்கும்.

அதற்காகத்தான் நேராக நிரந்தரப் பல்லுக்குப் போகாமல், திருகி மாட்டும் டெம்பரரி பல் ஒன்றை முதலில் போட்டார். ஈறுக்குள் புதையும் அதன் கழுத்துப் பகுதியில் கொஞ்சம் காம்போசிட் (பல் அடைக்கப் பயன்படும் பல் நிறப் பொருள்) சேர்ப்பார், மெருகேற்றுவார், மாட்டுவார். மாட்டியதும் ஈறு வெளுத்துப்போகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறம் திரும்பினால் அழுத்தம் சரி. திரும்பாவிட்டால் கழற்றி இழைப்பார். இப்படிச் சில வாரங்கள் இடைவெளி விட்டு விட்டு நடந்தது. டெம்பரரிக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் அந்தக் காசு வீண் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இரண்டு பற்களுக்கு நடுவே கூம்பாக நிற்கும் ஈறு எவ்வளவு தூரம் நிரம்பும் என்பது டாக்டர் கையில் மட்டும் இல்லை. இயற்கைப் பற்களை வைத்து 1992இல் டார்னோ என்ற பல் மருத்துவரும் சகாக்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்திலிருந்து எலும்பு முனை வரை 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு அநேகமாக முழுவதும் நிரம்பும். 6 மில்லிமீட்டர் என்றால் பாதிக்குச் சற்று மேற்பட்ட இடங்களில்தான். எனக்குப் பக்கத்துப் பல்லின் எலும்பு நன்றாக இருந்ததால் கறுப்பு முக்கோண இடைவெளி விழவில்லை.

ஈறு வடிவம் படிந்தாயிற்று. அப்புறம்தான் அதைப் பதிவு செய்யும் சிக்கல். டெம்பரரி பல்லைக் கழற்றிய கையோடு ஈறு உள்ளே சரியத் தொடங்கிவிடும். “கம்மலைக் கழட்டி வெச்சா காது தூர்ந்துபோகுதில்ல சார், அந்த மாதிரிதான். காதுக்கு நாள் கணக்கு, ஈறுக்கு நிமிஷக் கணக்கு” என்றார் டாக்டர். போதாததற்கு, இம்பிளாண்ட் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அறிய அதன்மேல் ‘ஸ்கேன் பாடி’ என்ற சிறு கம்பத்தைத் திருகவேண்டும். அந்தக் கம்பம் ஒல்லி. சுற்றியுள்ள ஈறைத் தாங்காது. அதை மாட்டிக்கொண்டு எடுத்த ஸ்கேனில் திருகின் இடம் துல்லியமாகக் கிடைக்கும். ஈறோ சரிந்த வடிவத்தில்தான் கிடைக்கும்.

பழைய முறையில் டெம்பரரி பல்லின் கழுத்தை வெளியே அச்செடுத்து, அந்தப் பள்ளத்தில் ரெசின் ஊற்றி, அளவெடுக்கும் கம்பத்தையே பல்லின் கழுத்து வடிவத்துக்கு மாற்றுவார்கள். நல்ல முறைதான், நேரம் பிடிக்கும். ஸ்கேன் பாடியைச் சுற்றி காம்போசிட் வைத்து அதே வேலையைச் செய்வோரும் உண்டு. எனக்குச் செய்தது வேறு. டெம்பரரி பல் வாயில் இருக்கும்போதே ஒரு ஸ்கேன். அதைக் கழற்றி, ஸ்கேன் பாடி மாட்டி இன்னொன்று. கழற்றிய பல்லைக் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றி மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்கேனர் ஒளியை நம்பி வேலை செய்வது. ஈறுக்கு அடியிலும் பார்க்காது, எச்சில் தேங்கினாலும் தடுமாறும். ஈறுக்குள் புதைந்திருந்த கழுத்து, பல் வெளியே வந்தபிறகுதான் அதன் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு மென்பொருள் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. முதல் இரண்டு ஸ்கேனுக்கும் பொதுவாக இருப்பவை பக்கத்துப் பற்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் பொதுவாக இருப்பது டெம்பரரி பல்லின் வெளிப்பகுதி. ஸ்கேன் பாடியின் துல்லிய வடிவம் முன்பே மென்பொருளின் நூலகத்தில் இருப்பதால், அதை வைத்துத் திருகின் இடமும் கோணமும் வந்துவிடும். நாங்கள் பட்டறையில் உதிரிபாகத்தை அளந்து மறுபடி வரைவதும் இதே கணக்குதான். அங்கே இரும்பு அசையாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்கேன் பாடி முழுதாக உட்காரவில்லை என்றால் மொத்தமும் பிசகும் என்பதால் அதை மாட்டியதும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார். பல பற்கள் வரிசையாக இல்லாதவர்களுக்கு இது இவ்வளவு சுலபமில்லை. நீளமான வெற்று ஈறில் ஸ்கேனர் பிடித்துக்கொள்ள அடையாளம் ஏதும் இருக்காது.

இவ்வளவும் செய்து அனுப்பியும், பல் செய்து தரும் லேபிலிருந்து வந்த முதல் பல் பொருந்தவில்லை. மாட்டியதும் ஒரு பக்கம் ஈறு வெளுத்தது, நேரம் கழிந்தும் நிறம் திரும்பவில்லை. கேட்டால், டிசைன் செய்தவர் நம் ஸ்கேனின் கழுத்தை விட்டுவிட்டு மென்பொருள் தானாகத் தரும் வளைவைப் போட்டிருக்கிறார்! எனக்குக் கோபம் வந்தது உண்மை. டாக்டர் அசரவில்லை. ‘ஈறுக்கு அடியில் இருக்கும் பகுதியை டெம்பரரியிலிருந்து அப்படியே நகலெடுக்கவும், மாற்ற வேண்டாம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். யாராவது இந்த வழியில் போவதாக இருந்தால், லேபுக்குப் போகும் சீட்டில் இந்த வரி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து வந்தது டைட்டானியம் அடித்தளத்தில் ஒட்டிய ஜிர்கோனியா (ஒரு வகைப் பீங்கான்) பல். ஈறு லேசாக வெளுத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே நிறம் திரும்பியது. அளவான விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, திருகு துளையில் டெஃப்ளான் டேப் அடைத்து, மேலே காம்போசிட் வைத்து மூடினார். கிளம்பும் முன் மூன்று ஸ்கேன்களின் எஸ்டிஎல் ஃபைல்களையும் (முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் ஃபைல்கள்) பென்டிரைவில் கேட்டு வாங்கினேன். என்றைக்காவது பல் உடைந்தால், அதே கழுத்தோடு மறுபடி கடைய அது போதும்.