ஒரு பலகைக்கு 30 கிலோ

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து மூன்று வருஷம் வரை எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய தினசரிக் காலண்டரை ஃப்ரிட்ஜின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். "எப்படியும் ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிருவோம், இதெல்லாம் எதுக்கு?" என்பார் கணவர். அந்த இரண்டு வருஷம் எப்போதும் இரண்டு வருஷமாகவே இருந்தது. கனமான எதையும் வாங்குவதில்லை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. கனத்தில் புத்தகத்தை அடிக்க ஆளில்லை.

ஆனால் புத்தகம் வருவது நிற்கவில்லை. மதுரைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. சாம்பார்ப் பொடி, புளி, வற்றல், அப்பளம் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு மிஞ்சுகிற இடம்தான் எனக்கு. "ஏண்டி, அங்க படிக்கவே ஒண்ணும் கிடைக்காதா?" என்று அம்மா முனகிக்கொண்டே எடை பார்ப்பார். 300 பக்க நாவல் ஏறக்குறைய 400 கிராம். அரைக் கிலோ பொடியை வெளியே எடுத்தால் ஒரு நாவல் உள்ளே போகும். இந்தப் பேரத்தில் ஒருமுறை எனக்குத் தண்டனையும் கிடைத்தது. பொடிப் பொட்டலம் வழியில் கிழிந்து, ஒரு சிறுகதைத் தொகுப்பு முழுக்கக் கொட்டிவிட்டது. இப்போது திறந்தாலும் பெருங்காயம் மணக்கிறது. நடு மடிப்பில் ஒரு மஞ்சள் கோடு அப்படியே நிற்கிறது.

எல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டிகளில் கிடந்தன. ஒன்றைத் தேட வேண்டுமென்றால் தரையில் படுத்து இழுக்க வேண்டும்.

திருப்பம் சோபாவால் வந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன சோபா அது. எங்கள் ஹால் மொத்தமே 17 சதுர மீட்டர், அதில் பாதியை அதுவே பிடித்திருந்தது. ஒரு நவம்பர் மாலையில் அதன் கால் முறிந்தது. புது சோபா பார்க்கலாம் என்றார் கணவர். சோபா வேண்டாம், அலமாரி வைக்கலாம் என்றேன். செலவு 100 யூரோவைத் தாண்டாது என்று வாக்கும் கொடுத்தேன்.

ஜெர்மனியில் பழைய பொருள் வாங்குவதில் வெட்கமே கிடையாது, எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்த விஷயமும் அதுதான். ஐகியா என்கிற மரச்சாமான் கடையின் பில்லி புத்தக அலமாரி 1979-இல் வந்தது. வீடு மாறுகிற யாராவது ஒருவர் எப்போதும் ஒன்றை விற்றுக்கொண்டிருப்பார். கிளைனன்சைகன் என்கிற பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் தேடி, ஒன்று 20 யூரோ வீதம் இரண்டு பிடித்தேன். விற்றவர் வீடோ மலைமேல். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் மாதிரி, சரிவெங்கும் ஷ்டெஃபெலெ என்கிற கல்படிகள், ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு ஏறிப்போன வழிகள். இரண்டு மீட்டர் நீளப் பலகைகளைப் பழைய சேலையால் கட்டி, முன்னால் அவரும் பின்னால் நானுமாக அந்தப் படிகளில் இறங்கினோம். கீழே வந்து டிராமில் ஏறும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் தவறு என்னுடையது. ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்குமென்று வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தேன். ஜனவரியில் ஒரு நாவலை உருவினேன், பின்னட்டை ஈரமாக இருந்தது. அலமாரியை நகர்த்தினால் சுவரிலும் பின்பலகையிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை. மதுரையில் நமக்குத் தெரிந்த எதிரி கரையான்தான். இங்கே குளிர்காலத்தில் வெளிச்சுவர் சில்லென்று கிடக்கும், சமைக்கிற ஆவியும் துணி காய்கிற ஈரமும் அதில் போய்ப் படியும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே காற்று போகாவிட்டால் பூஞ்சைதான். மருந்துக்கடை ஆல்கஹாலால் துடைத்து, அலமாரியை உள்சுவருக்கு மாற்றினோம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று பத்து யூரோவுக்கு வாங்கினோம். இப்போது இட்லி வேகும்போது அதைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து நிமிஷம் நடுங்குகிறோம்.

அடுத்தது ஓட்டை. இந்த அலமாரியைச் சுவரோடு பிணைக்காவிட்டால் பிள்ளை ஏறினால் கவிழ்ந்துவிடும். கணவர் அலுவலக நண்பரிடம் ட்ரில் வாங்கிவந்து, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அழுத்தினார். இரண்டே நிமிஷத்தில் அழைப்புமணி. கீழ்வீட்டு அம்மா நின்றிருந்தார். "இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார். ஓய்வு நாளில் இந்தச் சத்தம் கூடாது என்று அர்த்தம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினோம்.

திங்கள் மாலை மறுபடி ஆரம்பித்தால், பழைய கட்டடத்துச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. திருகாணியைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகுகிற ராவல் பிளக் நிற்கவே இல்லை. மறுபடி அழைப்புமணி. பயந்துகொண்டே திறந்தேன். அதே அம்மா, கையில் ஒரு பிஸ்கட் டின், உள்ளே அளவு வாரியாக ராவல் பிளக்குகள். நீளமான ஒன்றை எடுத்து, "இந்த வீட்டுச் சுவருக்கு இதுதான்" என்றார். சரியாக நின்றது. படிக்கட்டு பெருக்கும் எங்கள் முறை வாரத்தை நாங்கள் ஒருமுறை மறந்ததையும் அப்படியே நினைவூட்டிவிட்டுப் போனார்.

ஒரு பலகை 30 கிலோ தாங்கும். நம் புத்தகம் ஒரு வரிசைக்கு நாற்பதுக்குள் அடங்கும், 15 கிலோதான். ஆனால் 28 சென்டிமீட்டர் ஆழம் இரட்டை வரிசைக்கு ஆசை காட்டும். அதற்கு இடம் கொடுத்தால் எல்லையைத் தொட்டுவிடும், பலகையும் தொய்யும். பின்வரிசைப் புத்தகம் கட்டிலுக்கடியில் கிடப்பதற்குச் சமம் என்பது என் கருத்து.

மகளுடைய ஜெர்மன் புத்தகங்களுக்குத்தான் கணக்கு உதைத்தது. இங்கே புதுப் புத்தகத்துக்குக் கடைக்காரர் தள்ளுபடி தர முடியாது. பதிப்பாளர் வைத்ததே விலை, 2002-இலிருந்து அது சட்டம். தப்பிக்கிற வழி மெங்கல்எக்ஸெம்ப்ளார். மூலை நசுங்கிய, அட்டை கீறிய பிரதிகளின் அடிப்பக்கத்தில் முத்திரை குத்தி, விலை குறைத்து வாசலில் வைப்பார்கள். கீறலைத் தேடினால் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. அதுவும் வேண்டாமென்றால் தெருவோரப் பெட்டிகள். "ட்சு ஃபெர்ஷெங்கன்", அதாவது இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். எங்கள் கைவைத்த நாற்காலியே அப்படி வந்ததுதான். விளக்கு 8, கம்பளம் 25, திருகாணி வகையறா 7. அலமாரியும் கருவியும் சேர்த்து 90 யூரோ. வாக்குத் தவறவில்லை.

மார்ச்சில் நாங்களும் ஒரு பெட்டி வைத்தோம். இரண்டு முறை வாங்கிவிட்ட புத்தகங்கள், முடித்துவிட்ட ஜெர்மன் பாடநூல்கள். அட்டைப்பெட்டி கிடைக்காததால், முதல் தடவை மதுரையிலிருந்து கொண்டுவந்த, ஒரு சக்கரம் போன பழைய சூட்கேஸில் அடுக்கித் திறந்து வைத்தேன். கைப்பிடியில் விமானச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். புத்தகங்களைச் சுவரோரம் ஒழுங்காக அடுக்கிவிட்டு, சூட்கேஸை மட்டும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.