எட்டு விளக்கும் எரிந்தும் லைன் சரியில்லை

நெட்வொர்க்கிங் அடிப்படையைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் முதல் மூன்று மாதம் வீண். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. தர்மபுரியில் ஒரு பயிற்சி மையத்தில் 8,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். வகுப்பு என்றால் நோட்டில் எழுதுவதுதான். நெட்வொர்க் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளையும் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஒப்பிக்க வைத்தார்கள். பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு கணினியில் நெட் வரவில்லை என்றால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. ரூட்டரும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தன. ஒரு சனிக்கிழமை பிராக்டிகல் என்று வரச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால், அலமாரிச் சாவி வைத்திருக்கிறவர் லீவு. அடுத்த சனிக்கிழமையும் அதேதான். மீதிப் பணத்தைக் கேட்டதற்கு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். கட்டிய பணம் திரும்பாது என்று அச்சடித்திருந்தது. இனி சேர்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே ஒன்று கேளுங்கள்: ரூட்டரை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என் கையில் கொடுப்பீர்கள்? பதில் இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கி, திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் மென்பொருளான பாக்கெட் டிரேசரை இலவசமாக இறக்கிக்கொண்டேன். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. வகுப்பில் பைனரியாக மாற்றியே பக்கம் நிரப்பிய சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது), கிருஷ்ணகிரியில் கேமரா, லேன் கேபிள் வேலை எடுத்துச் செய்யும் என் பெரியம்மா மகன் அண்ணன் சொன்னதும் ஒரு மாலையில் பிடிபட்டது. தொகுதியின் அளவைச் சொல்லும் மாஸ்க்கின் (255.255.255.192 போல) கடைசி எண் 192 என்றால் 256-இல் கழி, 64 வரும். 0, 64, 128, 192 என்று தொகுதிகள் பிரியும். 192.168.1.70 என்ற ஐபி முகவரி எதில் விழுகிறது? 64-இல் தொடங்கும் தொகுதியில். 64 நெட்வொர்க் முகவரி, 127 எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி, நடுவில் உள்ள 62 முகவரிகளைத்தான் கணினிகளுக்குக் கொடுக்கலாம். டீஃபால்ட் கேட்வே, அதாவது உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல், எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமே இல்லை. ஊருக்குள் என்றால் நடந்தே போய்விடலாம். வெளியூர் என்றால் எந்த ஊராக இருந்தாலும் முதலில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டும்.

மாம்பழ சீசனில் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. ஆபீசிலிருந்து லாரி எடை மேடைக்கு ஏறக்குறைய 60 மீட்டர் கேபிள். ஒரே கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம் என்பதால் தூரம் பிரச்சினை இல்லை. இரண்டு முனையிலும் கனெக்டர் வைத்து நான்தான் கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தது. ஆனால் எடை மேடைக் கணினியில், மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்க பிங் கொடுத்தால் பாதிக்குப் பாதி ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். பில் போட முடியாமல் மாங்காய் லோடு வெளியே வரிசைகட்டி நின்றது. ஐபியை மாற்றினேன். சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகினேன். சுவிட்சையே மாற்றினேன். இரண்டு நாள் போனது.

அண்ணன் வந்து கனெக்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, கலரை ஜோடி ஜோடியாவா வெச்ச?" என்றார். ஆமாம். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன். அதுவரை செய்த ஒரு மீட்டர் கேபிள்கள் எல்லாம் அப்படித்தான், அவை ஓடவும் செய்தன.

தவறு இங்கேதான். 100 எம்பிபிஎஸ் லைனில் 1, 2 பின்கள் ஒரு திசைக்கு, 3, 6 பின்கள் எதிர்த் திசைக்கு. 3-உம் 6-உம் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தால்தான் வெளி இரைச்சல் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். என் வரிசையில் 3-இல் பச்சை-வெள்ளை, 6-இல் நீலம் வந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு ஜோடி. விலை குறைந்த டெஸ்டர், கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்த ஜோடியில் போகிறது என்று அதற்குத் தெரியாது. குட்டைக் கேபிளில் மறைந்திருந்த குறை 60 மீட்டரில் வெளியே வந்துவிட்டது.

கேபிள் கலர்களுக்கான டி568பி தரத்தின் சரியான வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி நீலத்துக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கும். முறுக்கையும் கனெக்டர் வரை விடுங்கள், நான் செய்தது போல இரண்டு அங்குலம் பிரித்து நேராக்காதீர்கள். இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாகப் போட்டோம். பத்து நிமிடத்தில் லோடு நகர ஆரம்பித்தது. ஏழு அடுக்கில் பிசிக்கல் ஏன் அடியில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மூன்று வாரம் கழித்து அதே ஆபீசில் நான்கு கணினிகளிலிருந்து பிரிண்டருக்குப் போக முடியவில்லை. இந்த முறை அடியிலிருந்தே பார்த்தேன். கேபிள் சரி, விளக்கு எரிகிறது. கணினியின் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் எங்கள் 192.168.1-க்குப் பதிலாக 192.168.0 என்று தொடங்கும் முகவரி. வேறு யாரோ ஐபி கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்வே முகவரியை பிரவுசரில் போட்டதும் ஒரு பழைய வைஃபை ரூட்டரின் லாகின் பக்கம் திறந்தது. கணக்குப் பிரிவில் யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து செருகியிருந்தார்கள், தானாக ஐபி கொடுக்கும் அதன் டிஹெச்சிபியை அணைக்காமல். கழற்றிவிட்டு நான்கு கணினியிலும் பழைய ஐபியை விட்டுப் புதிது வாங்க ரிலீஸ், ரினியூ கொடுத்தேன். பிரிண்டர் ஓடியது. மொத்தம் இருபது நிமிடம். அண்ணனுக்கு ஃபோன் செய்யவே தேவைப்படவில்லை.