39 கேள்விகள்

நரம்பியல் புறநோயாளர் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பார்க்கின்சன் நோயாளிகளிடம் பி.டி.கியூ-39 படிவத்தை நிரப்பி வாங்குவதும் என் வேலைதான். ஆக்ஸ்ஃபோர்டில் உருவாகி 1995-இல் வெளிவந்த வினாத்தாள் அது. கடந்த ஒரு மாதத்தில் நோயால் என்னென்ன சிரமம், எத்தனை அடிக்கடி என்று கேட்கும். மதிப்பெண் 0 முதல் 100 வரை. பரீட்சைக்கு நேரெதிராக, கூடினால் மோசம்.

டாக்டர் விரலைத் தட்டச் சொல்லி, நடக்கவிட்டு, பின்னால் நின்று தோளை இழுத்துப் பார்ப்பது தனி. அதில் தேறிவிடுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மாத்திரையில் நடுக்கம் நன்றாகவே அடங்கியிருந்தது. சட்டைப் பொத்தானை அவரே போடுவார். ஆனால், நாலு பேர் முன்னால் சாப்பிடுவதைத் தவிர்த்தீர்களா என்ற கேள்விக்கு ‘எப்போதும்’ என்றார். ஒரு கல்யாணப் பந்தியில் கை ஆடி வேட்டியெல்லாம் சாம்பார். அதிலிருந்து மொய்க் கவர் மகன் கையில்தான் போகிறதாம்.

பெரிய சிக்கல், யார் பதில் சொல்வது என்பது. இந்த நோயில் முகத்தில் பாவனை குறையும், குரல் இறங்கும், பதில் வர நேரமாகும். அதற்குள் மனைவி முந்திக்கொள்வார்: “அவருக்கு மனசுல ஒரு குறையும் இல்ல மேடம்.” வாழ்க்கைத்துணையிடமிருந்து வேண்டிய ஆதரவு கிடைக்காமல் போனதா என்றும் ஒரு கேள்வி உண்டு. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் உண்மையைச் சொல்வார்? அதனால் மருந்துச் சீட்டைக் கொடுத்து அந்த அம்மாவை மருந்தக வரிசைக்கு அனுப்பிவிடுவேன். கொஞ்சம் தந்திரம்தான். திரும்பி வருவதற்குள் மனச்சோர்வுப் பக்கத்தின் பதில்கள் மாறியிருக்கும்.

39 கேள்விகளும் எட்டுப் பிரிவுகளாக இருக்கும். அந்த எட்டின் சராசரிதான் மொத்த மதிப்பெண். நடமாட்டத்துக்கு 10 கேள்வி, ஆதரவுக்கு 3. இரண்டுக்கும் ஒரே எடை. நடக்கவே திணறுபவரும், நன்றாக நடந்தும் வெளியே தலைகாட்டக் கூசுபவரும் ஒரே எண்ணில் வந்து நிற்கலாம். எனக்கு அந்த ஒற்றை எண்ணில் நம்பிக்கை இல்லை. எட்டையும் தனித்தனியாகக் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கிறேன்.

படிவம் கேட்காததும் உண்டு: மலச்சிக்கல், எச்சில் வழிவது, ராத்திரி படுக்கையில் புரள முடியாதது. எழுந்து போகும்போதுதான் இதையெல்லாம் சொல்வார்கள். ஓரத்தில் குறித்துக்கொள்வேன். மதிப்பெண்ணில் சேராது என்றாலும், ராத்திரி மாத்திரையை மாற்றுவதா என்று யோசிக்கும்போது டாக்டர் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.