இரண்டு இருபத்து மூன்றாம் அருளப்பர்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தொங்கும். உருண்டை முகம், பெரிய காதுகள், வெள்ளைத் தொப்பி. அடியில் ‘23ஆம் அருளப்பர்’ என்று அச்சிட்டிருக்கும். பாப்பரசர் 23ஆம் யோவானை (ஜான்) அப்படித்தான் தமிழில் சொல்வோம். அப்பா உபதேசியார். செபமாலை முடிந்ததும் ‘பாப்பானவருடைய கருத்துகளுக்காக’ என்று ஒரு பரலோக மந்திரம் சொல்லவைப்பார். அந்த முகத்தைப் பார்த்தபடியேதான் சொல்வோம். அவர் 1963இலேயே இறந்துவிட்டார் என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த எண்ணுக்கு ஒரே ஒருவர்தான் சொந்தக்காரர் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். போன வருடம் மகளோடு பிளாரன்ஸ் போனபோது அது கலைந்தது. பேராலயத்துக்கு எதிரே எண்கோண வடிவில் திருமுழுக்குக் கோயில் இருக்கிறது. எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக் கூரையின் பொன் மொசைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கழுத்துவலி. அதனால் சுவரைப் பார்த்தேன். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கல்லறை. மேலே, பொன்முலாம் பூசிய வெண்கல மனிதர் முகத்தைச் சற்றே நம் பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறார். தொனாத்தெல்லோவும் மிக்கெலொத்சோவும் செய்தது. கல்வெட்டில் ‘யோவான்னெஸ் குவோந்தாம் பாப்பா 23’. அதாவது, ‘முன்னாள் பாப்பரசர் 23ஆம் அருளப்பர்’. கல்யாணப் பத்திரிகையில் ‘மேனாள் தலைமையாசிரியர்’ என்று போடுவோமே, அதைப் போல.

அவர் பெயர் பல்தசாரே கோசா. நேப்பிள்ஸ் பக்கத்துக்காரர். 1419இல் இறந்தார்.

கதை 1378இல் தொடங்குகிறது. பிரான்சுப் பக்கம் அவிஞோனிலிருந்து ரோமுக்குத் திரும்பியிருந்த பாப்பரசர் 11ஆம் கிரகோரி இறந்ததும், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க 16 கர்தினால்கள் கூடினார்கள். அவர்களில் 11 பேர் பிரெஞ்சுக்காரர்கள். வெளியே ரோம் நகரத்துக் கூட்டம், “ரோமன் வேண்டும், இல்லையென்றால் இத்தாலியனாவது வேண்டும்” என்று கத்தியது. கர்தினாலே அல்லாத பாரி நகரப் பேராயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கூட்டம் உள்ளே புகுந்ததும் பயந்துபோய், கிழவரான ஒரு ரோமன் கர்தினாலுக்குப் பாப்பரசர் உடையைப் போர்த்தி உட்காரவைத்துக் காட்டினார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கிழவர் மேல்தான் எனக்கு இரக்கம் வரும்.

அந்தப் பேராயர் ஆறாம் உர்பான் என்ற பெயரில் பதவி ஏறியதும் கர்தினால்களை வாய்க்கு வந்தபடி ஏச ஆரம்பித்தார். சில மாதங்களில் அவர்கள் கழன்றுகொண்டு, ‘பயத்தில் செய்த தேர்தல் செல்லாது’ என்று அறிவித்து, ஃபோந்தி என்ற ஊரில் ஏழாம் கிளமென்டை இன்னொரு பாப்பரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவிஞோனுக்குப் போனார். சியன்னா நகர் கத்தரீனம்மாள் ரோம் பக்கம். வின்சென்ட் பெரர் அவிஞோன் பக்கம். இருவரும் இன்று பீடத்தில் இருக்கும் புனிதர்கள். எது மெய், எது போலி என்று அன்று அவர்களாலேயே ஒத்துப்போக முடியவில்லை.

1409இல் பீசாவில் ஒரு திருச்சபைச் சங்கம் கூடி, இரு பக்கமும் அப்போதிருந்த பாப்பரசர்களை நீக்கிவிட்டு ஐந்தாம் அலெக்சாண்டரை நியமித்தது. நீக்கப்பட்டவர்கள் நகரவில்லை. இரண்டு மூன்றானது. அலெக்சாண்டர் ஓராண்டுக்குள் இறந்துவிட, அவர் இடத்துக்கு வந்தவர்தான் நம் கோசா. கான்ஸ்டன்ஸ் நகரில் அடுத்த சங்கத்தை 1414இல் கூட்டியதும் அவரே. தன்னையே உறுதிப்படுத்துவார்கள் என்று நம்பிப் போனார். காற்று மாறியதைக் கண்டு 1415 மார்ச்சில் மாறுவேடத்தில் ஊரைவிட்டு ஓடினார். பிடித்துக்கொண்டு வந்து மே மாதம் பதவி நீக்கினார்கள். ரோம் வரிசையில் வந்த 12ஆம் கிரகோரி தாமாகவே விலகினார். அவிஞோன் வரிசையின் 13ஆம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) மட்டும் அசையவில்லை. ஸ்பெயினில் பெனிஸ்கோலா கடற்கோட்டைக்குள் போய் 1423இல் சாகும்வரை நானே பாப்பரசர் என்றிருந்தார்.

இனி கணக்கு. பீசா அலெக்சாண்டரை அன்றைய பாப்பரசர் பட்டியல்கள் தள்ளவில்லை. அதனால்தான் 1492இல் பாப்பரசரான போர்ஜா தன்னை ஆறாம் அலெக்சாண்டர் என்றார். அதே பீசா வரிசையில் அடுத்து வந்த கோசாவின் எண்ணோ 1958இல் ரொங்கால்லியிடம், அதாவது எங்கள் வீட்டுப் படத்துக்காரரிடம், போய்விட்டது. 1724இல் பாப்பரசரான ஓர்சினி முதலில் 14ஆம் ஆசீர்வாதப்பர் என்று சொல்லிக்கொண்டு, பெனிஸ்கோலாக்காரர் கணக்கில் இல்லை என்று தெரிந்ததும் 13 என்று திருத்திக்கொண்டார். இத்தனைக்கும் 20ஆம் அருளப்பர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. இடைக்காலத்தில் யாரோ எண்ணிக்கையைத் தவறவிட்டதன் பலன். என் மளிகைக் கணக்கு இதைவிட ஒழுங்காக இருக்கும்.

ரொங்கால்லி அந்தப் பெயரை எடுத்ததற்குச் சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். அது அவருடைய அப்பாவின் பெயர்.

கோசா கடைசியில் சங்கம் தேர்ந்தெடுத்த ஐந்தாம் மார்ட்டினிடம் பணிந்து, கர்தினால் பதவியோடு பிளாரன்சில் கண்மூடினார். ‘முன்னாள் பாப்பரசர்’ என்று எழுதியது மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லையாம். “எழுதியது எழுதியதே” என்று, இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் வார்த்தையில் நகரத்தார் பதில் அனுப்பினார்களாம். இது கதையாகவே இருக்கலாம். கல்வெட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

“போகலாமா?” என்றாள் மகள். “ஒரு நிமிடம்” என்று சொல்லி, அப்பா கற்றுக்கொடுத்த பழைய பரலோக மந்திரத்தை அந்த வெண்கல முகத்தைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.