மொட்டை அடிக்கவில்லை
(ஆகஸ்ட் 2023, பைலின் கோயில், ஜாவோ கவுண்டி, ஹெபேய்)

ஆகஸ்ட் 11
கஞ்சி, ஊறுகாய் முள்ளங்கி, கால் வலி.

ஆகஸ்ட் 12
அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக. எல்லாமே அறுபது விநாடியில் முட்டி நிற்பவை. வீசாட் அதற்கு மேல் விடாது. விஷயம் இதுதான்: பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படித்தான் "நாலு நாள்" என்று சொல்லிவிட்டு மலைக்கோயிலுக்குப் போனானாம். அப்புறம் மொட்டைத் தலையோடு போட்டோ வந்ததாம். நான் மொட்டை அடிக்கவில்லை, பாத்திரம் தேய்த்துக் கொடுத்துச் சோறு தின்கிறேன் என்று எழுதினேன். துறவு வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும், நீ கையெழுத்துப் போடாமல் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்றும் எழுதினேன். தைரியமாக இருக்கட்டுமே என்றுதான்.

பதில்: "அப்போ எல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கே."

ஆகஸ்ட் 13
பந்தியில் யாரும் வாய் திறப்பதில்லை. கட்டைவிரல் கிண்ணத்தின் விளிம்பில், மற்ற விரல்கள் அடியில். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கிண்ணம்தான் வாயைத் தேடி வரவேண்டும், நாம் குனியக்கூடாது. இன்னும் வேண்டுமா, கிண்ணத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளு. எவ்வளவு வேண்டும் என்பதை சாப்ஸ்டிக்கால் கிண்ணத்துக்குள் கோடு போட்டுக் காட்டு. பரிமாறுகிறவர் அந்தக் கோடு வரை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். கடைசியில் வெந்நீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு நேர்முகத்திலும் என்னைக் கேட்டார்கள்: அடுத்த ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்? இங்கே அடுத்த அரைக் கிண்ணம்தான் கேள்வி. எனக்கு இது இவ்வளவு பிடித்திருப்பது நல்லதற்கா என்று தெரியவில்லை.

இந்தக் கோயிலில் இருந்த ஜென் குரு ஜாவோசோ ஞானியிடம் ஒருவர் வந்து உபதேசம் கேட்டாராம். "கஞ்சி குடித்தாயா?" "குடித்தேன்." "அப்படியானால் போய்க் கிண்ணத்தைக் கழுவு." 897இல் நூற்று இருபது வயதில் போய்ச் சேர்ந்த மனிதர். அவருடைய செங்கல் கோபுரம் முற்றத்திலேயே நிற்கிறது, 1330இல் எழுப்பியது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறோம்.

ஆகஸ்ட் 15
எங்கள் அறை ஒப்பந்தப்படி போன்கள் எல்லாம் ஒரு பழைய மூன்கேக் தகர டப்பாவில், மாலைப் பூஜை முடியும்வரை. இன்று டப்பாவைத் திறந்ததும் என் அறைத்தோழி ஷென்ஜென்காரி வாய்விட்டுச் சிரித்தாள். 16 முதல் 24 வயதுக்காரர்களின் வேலையின்மைக் கணக்கை வெளியிடுவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஜூனில் அது 21.3 சதவீதம். "இனி நாம் கணக்கிலேயே இல்லை, நிம்மதியாகத் தூங்கு" என்றாள். இந்த வருடம் பட்டம் வாங்கியவர்கள் 1 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். அதில் நானும் ஒருத்தி.

வேலை கேட்டிருந்த ஹாங்சோ கம்பெனியிலிருந்து ஒன்றும் இல்லை. அம்மாவிடமிருந்தும்.

ஆகஸ்ட் 16
சந்திர மாதத்தின் முதல் நாள். ஊதுபத்திக் கூட்டம். பாதிப் பேர் என் வயது, முதுகில் லேப்டாப் பை. ஆன்லைனில் எல்லோரும் சொல்கிற ஜோக்கை ஒரு பையன் சத்தமாகச் சொன்னான்: வேலைக்குப் போவதா, முன்னேறுவதா என்றால் நான் ஊதுபத்தி கொளுத்துவேன். பக்கத்திலிருந்த பாட்டி அவனை முறைத்தாள். அவனோ கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டான்.

ஆகஸ்ட் 19
மெசேஜ் இல்லை.

ஆகஸ்ட் 20
இன்றும் இல்லை. மெசேஜ் வந்தால் எரிச்சல், வராவிட்டால் இது. ஒரு ஊதுபத்தி எரிந்து தீரும்வரை சம்மணம் போட்டிருந்தேன். மூச்சை எண்ணச் சொன்னால் நான் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் வட்டமாக நடை. நடை ஓட்டமாகிறது, பலகை அறைந்ததும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் நின்றார்கள், நான் முன்னால் போனவளின் முதுகில் மோதினேன். ஷிஃபு, அதாவது குரு, ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அத்தைக்கு போன் செய்யலாமா? செய்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன?

ஆகஸ்ட் 22
இன்று "சீச்சி", சீனக் காதலர் தினம். ஷென்ஜென்காரிக்குக் கோயில் வாசலில் ரோஜா டெலிவரி. டோஃபு வாளியில் வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 25
ஏழாம் மாதப் பௌர்ணமிக்கு உல்லம்பன விழா. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் செத்துப்போன தன் அம்மாவைப் பசிப்பேயாகப் பார்க்கிறார்; அவர் கொடுத்த சோறு அவள் வாய்க்குப் போகுமுன் தணலாகிவிடுகிறது. மழைக்கால வாசம் முடிக்கும் பிக்குகளுக்கு அன்னமிட்டால்தான் அவளுக்கு விடுதலை. அதற்கான பெயர்ச்சீட்டு மேசையில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். உயிரோடிருப்பவர்களுக்குச் சிவப்பு, இறந்தவர்களுக்கு மஞ்சள்.

கூட்டம் ஓய்ந்ததும் பாட்டிக்கு ஒன்று எழுதலாம் என்று மஞ்சள் சீட்டை எடுத்தேன். பேனா நின்றுவிட்டது. அம்மாவின் அம்மா. பள்ளி விடுமுறை முழுக்க அவள் மடியில் கிடந்தவள் நான். அவள் பெயர் எனக்குத் தெரியாது. பாட்டி என்றுதான் கூப்பிட்டோம், கல்லறையில் தாத்தாவின் குடும்பப் பெயர்தான் பெரிதாக இருந்தது.

டப்பா திறந்ததும் அம்மாவுக்கு எழுதினேன்: பாட்டி பெயர் என்ன?

ஆகஸ்ட் 26
மூன்று எழுத்து மட்டும் வந்தது. வாய்ஸ் இல்லை. பெயரில் "பனி" இருக்கிறது. எழுதி ஒட்டிவிட்டேன்.

ராத்திரி இன்னொன்று: "எனக்கும் சேர்த்து எழுதிடாதே, நான் உயிரோடதான் இருக்கேன்." சிவப்புச் சீட்டு போட்டோவை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 28
ஹாங்சோ நம்பரிலிருந்து மிஸ்டு கால். விளம்பரமாக இருக்கும்.

ஆகஸ்ட் 29
விளம்பரம் இல்லை. திங்கள்கிழமை வரை யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் சொன்னதைவிடக் குறைவு.

அம்மா ரயில் டிக்கெட்டின் படம் அனுப்பியிருக்கிறாள்: ஹந்தானிலிருந்து ஷிஜியாச்சுவாங், அங்கிருந்து பஸ். அத்தையும் வருகிறாளாம். விழாவுக்கா, என் தலையைப் பார்க்கவா என்று கேட்கவில்லை. விடியுமுன்னே சமையலறையில் இருக்க வேண்டும், முட்டைகோஸ் கூரைவரை அடுக்கியிருக்கிறது.

இப்போதுதான் ஒரு வாய்ஸ் வந்தது, முழு அறுபது விநாடி. வெங்காயமும் பூண்டும் இல்லாத சாப்பாட்டில் உடம்பு என்னத்துக்கு ஆகும், பையில் ஒரு சரம் பூண்டு போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாள்.