அந்தப் பாலத்துக்கு முன்னாடி

கன்ட்ரோலர் கைக்கு வந்தப்போ இன்னும் சூடா இருந்துச்சு. எனக்கு முன்னாடி ஆடினவரோட கைச்சூடு.

ஜெர்மனியில கொலோன்ல, கேம்ஸ்காம்ங்கிற வீடியோ கேம் கண்காட்சியில, ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னு கெடச்சது ஒரு கேமோட 15 நிமிஷ டெமோ.

பின்னாடி நின்ன டெவலப்பர் ஸ்கிரீனையே பாக்கல, என் கட்டைவிரலைத்தான் பாத்துட்டு இருந்தாங்க. கேமுக்குள்ள ஒரு பாலத்துக்கு முன்னாடி வழி தெரியாம ரெண்டு தடவை சுத்தினேன், உடனே நோட்டுல ஏதோ எழுதினாங்க. சாரி கேட்டேன். "தப்பு உங்க மேல இல்ல, நாங்கதான் அங்க வெளிச்சம் வைக்கல"ன்னாங்க.

டெமோன்னா பல சமயம் அந்த ஒரு துண்டை மட்டும் தனியா மெருகேத்திக் கொண்டு வர்றதுதான், அதனால கிராபிக்ஸைப் பாத்து மயங்குறத நான் எப்பவோ விட்டுட்டேன், குதிச்சா கால் எப்படித் தரையில படுது, பட்டனை அமுக்கினதும் சொன்ன பேச்சு கேக்குதா, இது ரெண்டும்தான் எனக்கு முக்கியம்.

இதே மாதிரி 1995ல லாஸ் ஏஞ்சலஸ்ல தொடங்கின கேம் கண்காட்சிதான் ஈ3, முதல் வருஷமே சோனிக்காரர் மேடையேறி பிளேஸ்டேஷன் விலை 299ன்னு எண்ணை மட்டும் சொல்லிட்டு எறங்கின இடம், அதை 2023 டிசம்பர்ல ஒரேயடியா மூடிட்டாங்க. மனசு கேக்கல. இப்ப ட்ரெய்லர் நேரா யூடியூப்ல வந்துடுது, செலவும் கம்மி, சரிதான். ஆனா ட்ரெய்லர் பாக்குறவன் எந்த எடத்துல தடுமாறுவான்னு யாருக்குத் தெரியும்?

வெளிய வரும்போது திரும்பிப் பாத்தேன். அடுத்து உக்காந்த பையனும் அதே பாலத்துக்கிட்ட நின்னுட்டான்.

நோட்டு மறுபடி திறந்துச்சு.