கையூன்றாமல் எழுந்திருக்க ஐந்து மாதங்கள்

சென்ற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மீனாட்சி அம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபத்தில் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழ முயன்றபோது, அருகிலிருந்த தூணைப் பற்றிக்கொண்டால்தான் என்னால் எழ முடிந்தது. எனக்கு வயது 48. உடன் வந்திருந்த என் மாமியாருக்கு வயது 74. அவர் ஒரு காலை மடித்து, தொடையில் கை வைத்து, ஒரே மூச்சில் எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டு எனக்காகக் காத்து நின்றார். ஆறு ஆண்டுகளாக நாள் தவறாமல் திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் வரை நடைப்பயிற்சி சென்று வருபவள் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை இருந்தது. அன்று அது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

வீட்டுக்கு வந்ததும் என் நிலையை ஒரு எண்ணாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை முழுவதுமாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணும் எளிய சோதனை ஒன்று உண்டு. மருத்துவர்கள் முதியவர்களின் கால் வலிமையை அறியப் பயன்படுத்துவது அது. 60 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் 12 முறைக்குக் குறைவாக எழுந்தால், அந்த வயதின் சராசரிக்குக் கீழே என்பது அதன் கணக்கு. நான் எழுந்தது 10 முறை. பழைய பள்ளி நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் அந்த எண்ணையும், எடை 68.4 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர் என்பதையும் எழுதி வைத்தேன்.

நடப்பதால் இதயமும் நுரையீரலும் பயன் பெறுகின்றன. ஆனால் தினமும் அதே சமதளத்தில் அதே வேகத்தில் நடக்கும் கால்களுக்குப் புதிய சுமை எதுவும் கிடைப்பதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பதும், மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையத் தொடங்குகிறது என்பதும் பலகாலமாக அறியப்பட்டவை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்போடு நிறுத்திக்கொள்ளாமல், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த முதல் பாதியை மட்டும் ஆறு ஆண்டுகள் கடைப்பிடித்துவிட்டு, முழுவதையும் செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவள் என்பதால் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டேன். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும் என்றார். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றார். மூச்சை அடக்காமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வது. பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாதல்லவா?

செவ்வாய், வியாழன், ஞாயிறு என மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்துவது, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து மறு கையால் பையை இடுப்புவரை இழுப்பது, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் இரண்டில் தண்ணீர் நிரப்பிக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பது ஆகிய ஆறும்தான் என் பாடத்திட்டம். இழுக்கும் பைக்குள் முதல் மாதம் இரண்டு கிலோ துவரம்பருப்பு இருந்தது. வீட்டில் சாம்பார் வைக்க வேண்டிய நாட்களில் பையின் எடை குறைந்துவிட்டதால், பிறகு மணலுக்கு மாறினேன்.

இவற்றில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது நாற்காலிப் பயிற்சி. முதல் வாரம் நான் உட்காரவில்லை, விழுந்துகொண்டிருந்தேன். கடைசி நான்கு அங்குலத்தில் கால்கள் கைவிட்டுவிட, பொத்தென்று நாற்காலியில் சாய்வேன். எழுவதைவிட மெதுவாக இறங்குவதே தசைக்கு நல்ல வேலை என்று புரிந்த பிறகு, நான்கு எண்ணும்வரை இறங்கி, ஓசையில்லாமல் உட்கார்ந்து, இரண்டு எண்ணுவதற்குள் எழுந்தேன். இப்படிச் செய்தபோது 12 எடுத்துக்கொண்டிருந்தவளால் 6க்கு மேல் எடுக்க முடியவில்லை. நோட்டில் எண் குறைந்தது முதலில் வருத்தமாக இருந்தாலும், பொத்தென்று விழுந்த அந்த 12 எண்ணத் தகாதவை என்று அடித்துவிட்டேன். முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டதும், படி இறங்கும்போது எனக்கிருந்த முட்டிக் குத்தல் மூன்றாவது வாரத்தில் வெகுவாகக் குறைந்தது.

வலி பற்றியும் சொல்ல வேண்டும். முதல் செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியவில்லை; வியாழக்கிழமை காலையில்தான் தொடைகள் அம்மி போல் கனத்தன. பழகாத பயிற்சியின் வலி இப்படி ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்து உச்சத்துக்கு வருவது இயல்பே. மூட்டுக்குள் சுருக்கென்று குத்துவது வேறு, தசை முழுவதும் கெட்டியாக நோவது வேறு. முன்னதை மதித்து நிறுத்தவும் பின்னதோடு மெல்ல நடமாடவும் பழகிக்கொண்டேன். நான்காவது வாரமே சோதனையில் 12 வந்தது. தசை அதற்குள் வளர்ந்துவிடவில்லை, இருக்கிற தசையை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதே தொடக்க வாரங்களின் முன்னேற்றம்.

“ஏம்மா, அம்மியும் ஆட்டுரலும் அரைச்ச காலத்துல இதெல்லாம் யாரு செஞ்சா?” என்று அத்தை கேட்டபோது, அரைத்த அந்தக் கைகளும் கால்களும்தான் உங்களைத் தூணில்லாமல் எழுப்பின, அத்தை, என்றேன். அதற்குப் பிறகு வாசற்படியில் உட்கார்ந்து எண்ணிக்கை பார்க்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். முழுதாக உட்காராமல் எழுந்தால் அந்த எண்ணைச் சொல்ல மாட்டார்.

ஆறாவது வாரத்தில் ஒரு தவறு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வரவிருந்த அவசரத்தில், கேன்களை இறக்கி வைக்கும்போது முட்டியை மடக்காமல் இடுப்பை வளைத்து, பக்கவாட்டில் திரும்பியபடியே வைத்ததில் கீழ் முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நாட்கள் நடையோடு நிறுத்திக்கொண்டு, மறுபடி தொடங்கியபோது கேன்களில் பாதித் தண்ணீரே ஊற்றினேன். எடையைத் தூக்கும்போது இருந்த கவனம் இறக்கும்போது இல்லை. சட்டியை இறக்கும்போது சுட்டுக்கொள்பவர்கள் நாம்தானே.

இந்தப் பயிற்சிகளை ‘டோனிங்’ என்று சொல்லி விற்கும் போக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. தொங்கும் மேற்கையைக் குலுக்கினால் அங்குள்ள கொழுப்பு கரையும், வயிற்றை மடக்கினால் தொப்பை கரையும் என்பது நடப்பதில்லை. கொழுப்பு உடல் முழுவதிலும் அதன் போக்கில்தான் குறையும். அடியில் தசை சற்று வளர்ந்து, மேலே கொழுப்பு சற்றுக் குறைந்தால் தெரியும் தோற்றத்துக்கே அந்தப் பெயர். அரைக் கிலோ எடையை ஐம்பது முறை ஆட்டிக்கொண்டிருப்பதைவிட, பன்னிரண்டாவது முறைக்கு மேல் தொடர முடியாத எடையே எனக்குப் பலன் தந்தது.

உணவில் பெரிய மாற்றமில்லை. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி எனக்குச் சுமார் 56 கிராம் வேண்டும்; காலையில் மூன்று இட்லியும் சட்னியுமாகத் தொடங்கும் நாள் அதைத் தொடுவது கடினம். ஒரு இட்லியைக் குறைத்து இரண்டு முட்டையும், மாலையில் காப்பியோடு தொட்டுக்கொள்ளும் மிக்சருக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டலும் சேர்த்தேன்.

சித்திரையில் வெயில் காய்ந்தபோது மொட்டை மாடியில் மாலை ஏழு மணிக்கும் தளம் சுட்டதால், நேரத்தை அதிகாலை ஐந்தரைக்கு மாற்றினேன். அழகர் ஆற்றில் இறங்கிய வாரத்தில் வீடு நிறைய விருந்தினர்; ஒரு நாளும் பயிற்சி இல்லை. அடுத்த செவ்வாய் நான் பயந்த அளவுக்கு எதுவும் குறைந்திருக்கவில்லை.

ஐந்தாவது மாத முடிவில் சோதனையில் 17 வந்தது. இடுப்பு 94இலிருந்து 89 சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது, எடையோ 67.1 கிலோதான், எடை இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் பங்குனியிலேயே விட்டிருப்பேன். கேன்களில் இப்போது தண்ணீருக்குப் பதில் மணல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டுக் கிலோ. தரையில் சம்மணமிட்டு அருவாமனையில் காய் நறுக்கிவிட்டுக் கையூன்றாமல் எழுகிறேன். இடது காலை முன்வைத்தால் மட்டும் இன்னும் தள்ளாட்டம் உண்டு.

தண்டால்தான் பின்தங்கியிருக்கிறது. சுவரிலிருந்து அடுப்படி மேடைக்கும், அங்கிருந்து வாசல் திண்ணைக்கும் இறங்கி வந்திருக்கிறேன். திண்ணையில் 9 வருகிறது. தரையில் முட்டி ஊன்றி எடுத்தால் இரண்டு. மூன்றாவதில் பாதி எழுந்து, கைகள் நடுங்கி, மார்பு தரைக்கே திரும்பிவிடுகிறது. நேற்றைய பக்கத்தில் இரண்டரை என்று எழுதப் போனேன். அத்தை ஒப்புக்கொள்ளாததால் இரண்டு என்றே இருக்கிறது.